அப்பாவுக்குப் பொருந்திய மருந்து

என் தங்கை கணவரிடம் நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் பதில் கிடைக்கும். அவர் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்டாலும் அவரிடமிருந்துதான் கிடைக்கும்.

அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கடையின் பின்பக்கம் திரை போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. வருகிறவரை அங்கே உட்காரவைத்து, மூக்கின் மேல் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, எதிரே எழுத்துப் பலகையில் விளக்கைப் போட்டு, கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிச் செருகுவார். "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று கேட்பார். உட்கார்ந்திருப்பவர் கண்ணைச் சுருக்கி யோசிப்பதற்குள், "ரெண்டாவதுதான்," என்று அவரே முடித்துவிடுவார். கடைப் பையன்கள் அவருக்கு வைத்த பெயரே 'ரெண்டாவது'. கண்ணாடி வாங்கிப் போனவர்கள் தலைவலி என்று திரும்பி வந்தால், "பழகிடும்," என்பார். பெரும்பாலும் பழகிவிடும். மனிதர்கள் எதற்குத்தான் பழகவில்லை? என் தங்கை அவருக்கே பழகிவிட்டாளே.

கல்யாணமான புதிதில் எங்களை ஓர் ஓட்டலுக்கு அழைத்துப் போனார். சர்வர் என் தங்கையிடம் சூப் வேண்டுமா என்று கேட்டார். "அவளுக்குச் சூப் பிடிக்காது," என்றார் இவர். எங்கள் வீட்டில் இருந்தவரை அவள் சூப் என்றால் உயிரை விடுவாள். அன்றிலிருந்து அவள் குடிப்பதில்லை. கேட்டால், "பிடிக்கலக்கா," என்கிறாள்.

இதற்காக அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவது அவர், ஷூ துடைப்பது அவர், ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட்டு நடுப்பாகத்தை மட்டும் ஊட்டுவதும் அவர்தான். மகள்மேல் பாசம் இல்லாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பாசத்துக்குக் குறைச்சலே இல்லை. காதுதான் இல்லை.

நான் மின்சார ஆபீசில் புகார் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் கத்துவதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன உத்தியோகம். தங்கை குடும்பம் இருக்கும் கட்டடத்திலேயே இரண்டு மாடி கீழே என் வீடு. அதனால் அவர் குடும்பத்தில் மூக்கை நுழைக்க எனக்கு லிஃப்ட்கூடத் தேவையில்லை.

மகளுக்கு வீட்டில் வண்டு என்று பெயர். கைக்குழந்தையாக இருந்தபோதே வாய்க்குள் எதையாவது முனகிக்கொண்டே இருப்பாள். இப்போது முதல் வகுப்பு. பிறந்த சில மாதங்களிலேயே கன்னத்தில் சிவப்பாக ஆரம்பித்தது எக்சிமா. பிறகு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து, கண்ணிமை என்று இடம் பிடித்துக்கொண்டது. தோல் காய்ந்து, தடித்து, வெடித்து, சொறிந்த இடத்தில் நீர் கசியும். போதாக்குறைக்கு முட்டை பட்டால் உதடு வீங்கும், போர்வையை உதறினால் தும்மல் நிற்காது, பக்கத்து வீட்டுப் பூனை வாசலைத் தாண்டினாலே கண் சிவந்துவிடும். இத்தனையும் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே திரிகிற பிள்ளை அது.

படுக்கப் போகும் நேரம் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு. ஒரு வருஷமாக ஒரு புதுத் தொல்லை. படுக்கப் போகலாம் என்றதும் தண்ணீர் வேண்டும் என்பாள், பாத்ரூம் என்பாள், தேய்த்த பல்லை மறுபடி தேய்ப்பாள். எல்லாம் தீர்ந்த பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அந்த அழுகை குளியலறைக் குழாய் வழியாக என் வீட்டுக்கு இறங்கி வரும். கவுண்டரில் மரத்துப்போன காது அதற்கு மட்டும் மரக்கவில்லை. எதற்கு அழுகிறாள் என்று தங்கையைக் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்லிவிட்டார், இருட்டு என்றால் பயமாம், பேய் பயமாம், அந்த வயசில் சகஜமாம்.

தோலுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு களிம்பு கொடுத்திருந்தார்கள். ஒழுங்காகப் போட்டால் அடங்கியும் இருந்தது. ஆனால் இவருடைய போனில் ஒரு குழு உண்டு. அதில் யாரோ ஒரு புண்ணியவான், களிம்பு போட்டால் நோய் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும் என்று எழுதிவிட்டான். அன்றிலிருந்து களிம்பை இவர் விரல் நுனியால் தொட்டு, பயந்து பயந்து, பாதி இடத்தில் தடவ ஆரம்பித்தார். நோய் ஒளிவதற்கு அவசியமே இல்லாமல் வெளியிலேயே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சமயத்தில்தான் ஹோமியோபதி டாக்டர் ஒருவர் கடைக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டார். இவர் 'ரெண்டாவதுதான்' என்றதும் அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாராம். அதிலேயே இவர் விழுந்துவிட்டார். இவர் கொடுத்த கண்ணாடியை அவர் சரி என்றார், அவர் கொடுக்கப்போகிற மருந்தை இவர் பார்க்காமலே சரி என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது குழந்தை.

முதல் நாள் நானும் கூடப் போனேன், லீவு போட்டுக்கொண்டு. டயர் கடை மாடியில் கிளினிக். படிக்கட்டு முழுக்க ரப்பர் நாற்றம். மேலே ஏறினால் கதவில், 'சென்ட் போட்டுக்கொண்டு உள்ளே வராதீர்கள்' என்று ஓர் அட்டை. சுவர் முழுக்க அலமாரி, அதில் கட்டை விரல் உயரத்துக்குப் பழுப்பு நிறச் சீசாக்கள். டாக்டர் மெல்லிய குரலில் பேசுகிற, குறுக்கே பேசாத, கடிகாரத்தைப் பார்க்காத மனிதர். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். என் தங்கை கணவர் வாழ்நாளில் இப்படி ஒரு ஆளைச் சந்தித்ததில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

வண்டு உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். பாவம், அந்த டாக்டர் முதல் கேள்வியை அவளிடம்தான் கேட்டார். வெயில் பிடிக்குமா, குளிர் பிடிக்குமா என்றார்.

"குளிர்தான் சார். ஃபேன் இல்லேன்னா ஒரு நிமிஷம் முடியாது," என்றார் அப்பா.

போர்வைக்குள் முயல்குட்டி மாதிரி சுருண்டு தூங்குகிற பிள்ளை அது. ஃபேன் இல்லாமல் முடியாதவர் இவர். இனிப்பா, உப்பா என்றார் டாக்டர். உப்பு என்றார் இவர். சாப்பாட்டில் எதைப் போட்டாலும் மேலே உப்பைத் தூவிக்கொள்கிறவர் யார் என்று எனக்குத் தெரியும். உயரமான இடம் என்றால் பயமா என்றார் டாக்டர். ரொம்பப் பயம் என்றார் இவர். குழந்தை ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது. என் வீட்டு பால்கனிக் கம்பி அருகே ஒரு நாளும் வராதவர் இவர். கனவு வருமா என்று கேட்டதற்கு, மாடியிலிருந்து விழுகிற மாதிரி அடிக்கடி வரும் என்றார்.

"குழந்தை சொல்லிச்சா?" என்று டாக்டர் ஒரே ஒரு தடவை கேட்டார்.

"சொல்லணுமா சார்? பெத்தவனுக்குத் தெரியாதா?"

டாக்டர் எழுதிக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். இத்தனை கேள்வி கேட்கத் தெரிந்த மனிதருக்கு, பதில் எந்த வாயிலிருந்து வருகிறது என்று பார்க்கத் தெரியவில்லை. புதுக் கண்ணாடி வேறு போட்டிருந்தார். தங்கையின் காலை மேஜைக்கடியில் மிதித்தேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அவளும் அதையேதான் சொல்றா சார்," என்றார் இவர்.

இப்படியே ஒரு சினிமா ஓடுகிற நேரம் ஓடியது. யாராவது மனசைப் புண்படுத்தினால் மறப்பாளா, தன்னைக் கவனிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பாளா, கூட்டத்தில் பேசப் பிடிக்குமா. இவர் மனம் விட்டுப் பேசினார். நடுவில் குரல்கூடத் தழுதழுத்தது. சின்ன வயதில் தன்னை யாரும் இப்படி உட்காரவைத்துக் கேட்டதில்லை என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

கடைசியில் டாக்டர் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டிவிட்டு, இத்தனை குணமும் அச்சாகப் பொருந்துகிற மருந்து ஒன்று இருக்கிறது என்றார். ஒரு துளியைத் தண்ணீரில் கலந்து, அதிலிருந்து ஒரு துளியை எடுத்து மறுபடி தண்ணீரில் கலந்து, இப்படியே போய்க்கொண்டிருந்தால் கடைசியில் சரக்கே இருக்காதாம், வீரியம் மட்டும் இருக்குமாம். சரக்கு குறையக் குறைய வீரியம் கூடுமாம். எங்கள் ஆபீசில் இந்தக் கணக்கு செல்லுபடியானால் கரண்ட் கட்டான வீட்டுக்குத்தான் அதிக வெளிச்சம் வந்திருக்க வேண்டும். கவுண்டரில் இதைச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

படியிறங்கும்போது தங்கையின் காதில் சொன்னேன்.

"மருந்து உன் வீட்டுக்காரருக்குத்தான்டி கொடுத்திருக்கார். முழுங்கப் போறது மட்டும் இவ."

"மெதுவாப் பேசுக்கா," என்றாள் அவள். மறுக்கவில்லை.

அன்றே களிம்பு குப்பைக்கூடைக்குப் போனது. நாக்கின் மேல் வெள்ளை உருண்டைகள் வந்தன. உருண்டையைக் கையால் தொடக்கூடாது, மூடியில் கொட்டி வாயில் போட வேண்டும். வீட்டில் காப்பி கூடாது, வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, புதினா வாசனைப் பற்பசை கூடாது. அந்த வாசனை பட்டாலே மருந்து செத்துவிடுமாம். வருஷக்கணக்கான எக்சிமாவை வேரோடு பிடுங்கப்போகிற மருந்து, அடுத்த அறையில் ஒரு டம்ளர் காப்பியைத் தாங்காதாம். குழந்தைக்குக் காப்பிப் பழக்கமே இல்லை. பழக்கம் இருந்தவர் இவர். தினமும் காலையில், "சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேங்க்கா," என்று என் வீட்டுக்கு இறங்கி வருவார். நான் எதுவும் கேட்காமல் டம்ளரை நீட்டுவேன். குடித்துவிட்டு, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, மகளின் மருந்துக்குத் துரோகம் செய்யாத மனிதராக மேலே ஏறிப் போவார்.

தோல் மோசமாகிக்கொண்டே போனது. கழுத்தைத் திருப்பினால் வெடித்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையை வேறு பெஞ்சுக்கு மாற்றினார்கள். டாக்டருக்குப் போன் போட்டால், ரொம்ப நல்ல அறிகுறி, உள்ளே இருப்பது வெளியே வருகிறது என்றார். அந்த வைத்தியத்தில் கெட்ட அறிகுறி என்று ஒன்று கிடையாது என்று எனக்குப் போகப்போகத் தெரிந்தது. குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. கூடினால் மருந்து கடுமையாக வேலை செய்கிறது. ஒன்றும் நடக்கவில்லையென்றால் மருந்து யோசித்துக்கொண்டிருக்கிறது.

நான் கெஞ்சியும் பார்த்தேன், சண்டையும் போட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன் என்றேன். உங்களுக்குப் பொறுமை இல்லை அக்கா, வண்டுவே இப்போது நன்றாக இருப்பதாகச் சொல்கிறாள் என்றார். வண்டு அவர் மடியில் உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். எதையும் சொன்னதாகத் தெரியவில்லை. படுக்கப் போகும் பயமும் குறைந்துவிட்டது, சத்தம் அவ்வளவாக இல்லை என்றார். குழாயில் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பயம் குறையவில்லை, தொண்டை கட்டிவிட்டது.

இப்படி இருக்கையில் அவருக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது. காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துக்கொண்டே, "உங்களுக்கும் உருண்டைதானே மாப்பிள்ளை?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பல் விஷயம் வேறு அக்கா, உயிர் போகிற வலி என்றார். காலையிலேயே கடைக்குச் சொல்லிவிட்டு நேராகப் பல் டாக்டரிடம் ஓடி, ஊசி போட்டு, பல்லைப் பிடுங்கிக்கொண்டு, கனமான மாத்திரைப் பட்டையும் வாங்கிக்கொண்டார். வாய்க்குள் பஞ்சை அடைத்து, கடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பேசவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்களாம்.

அவர் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் என் தங்கை எனக்குப் போன் செய்தாள். வண்டுவுக்குக் காய்ச்சல் அனலாக அடிக்கிறது, முழங்காலுக்குப் பின்னால் சீழ் பிடித்துவிட்டது, அவரிடம் கேட்க முடியவில்லை, என்ன செய்யட்டும் என்றாள். கேட்க முடியாமல் போனதே என்று நான் சந்தோஷப்பட்டேன். கவுண்டரைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தோம். எங்கள் முறை வரும்போது தகவல் தெரிந்து அவரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார், கன்னத்தில் கை, வாய் நிறையப் பஞ்சு.

தோல் டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். மேஜையில் ஆறிப்போன டீ, வாசலில் கூட்டம், முகத்தில் சிடுசிடுப்பு. வண்டுவை ஸ்டூலில் உட்காரவைத்துக் காலைத் திருப்பிப் பார்த்தவர் எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். என் தங்கை பழக்கதோஷத்தில் புருஷனைப் பார்த்தாள். அவர் ம்ம், ம்ம் என்றார். பிறகு இரண்டு விரலைச் சேர்த்துச் சின்ன உருண்டை காட்டி, நாக்கைத் தொட்டு, கையை உயரத் தூக்கி விளக்கினார். இவ்வளவு சின்ன மாத்திரை எங்களிடம் இல்லை, நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள் என்றார் டாக்டர். நான் நடந்ததைச் சொன்னேன். களிம்பை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டு, பதில் வரும் முன்பே பெருமூச்சு விட்டு, காய்ச்சலுக்கும் சீழுக்கும் மருந்து எழுதினார். அது ஆறிய பிறகு பழைய களிம்பை எப்படிப் போட வேண்டும் என்று என் தங்கையின் கையைப் பிடித்துக் காட்டினார். தோல் அதற்கப்புறம் ஆறியது, இப்போது வண்டு கழுத்தைத் திருப்பிப் பூனையை வேடிக்கை பார்க்கிறாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அது இல்லை.

எழுதிக்கொண்டே டாக்டர், தூக்கம் எப்படி என்று கேட்டார். படுக்கப் பயப்படுகிறாள் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு வண்டுவைப் பார்த்தார்.

"எதுக்கு அழறே? இருட்டுன்னா பயமா?"

வண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பதில் வரும் என்று காத்திருந்தாள். அவர் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. டாக்டரும் காத்திருந்தார். அந்த அறையில் அப்படி ஓர் அமைதியை எங்கள் குடும்பம் அதற்கு முன் கண்டதில்லை.

"இல்ல," என்றாள் வண்டு.

"பின்ன?"

"கையைக் கட்டுவாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஒரு வருஷமாகவே, தூக்கத்தில் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளக் கூடாதென்று, அவர் தன்னுடைய பழைய காலுறையை மகளின் இரண்டு கையிலும் மாட்டி, கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிடுகிற கயிற்றால் மணிக்கட்டில் கட்டுவாராம். மிருதுவான கயிறுதான், முதலில் தன் கையில் கட்டிப் பார்த்துக்கொண்டாராம். வண்டு பல்லால் அவிழ்க்கப் பழகியதும் கட்டில் கம்பியோடு சேர்த்து ஒரு முடிச்சு. அதற்கப்புறம்தான் விளக்கை அணைப்பார்களாம்.

"அரிக்கும்," என்றாள் வண்டு. "ரொம்ப அரிக்கும். கூப்பிட்டா, உனக்கு இப்ப அரிக்கலை, தூங்கும்மான்னு அப்பா சொல்லுவாங்க."

குழாயில் நான் அத்தனை நாள் கேட்டது பேய்க்குப் பயந்த அழுகை இல்லை. எங்கள் குடும்பத்தில் இத்தனை பெரியவர்கள் இருந்து, வரிசையாக இரண்டு வைத்தியம் பார்த்து, இந்த ஒரு கேள்வியை அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு யாரும் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை.

"இந்த அரிப்போட கையைக் கட்டிப் போட்டா நான்கூட அழுவேன்," என்றார் டாக்டர். "நகத்தை வெட்டி விடுங்க, போதும்."

என் தங்கை கணவர் கன்னத்திலிருந்த கையை எடுத்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஊசியின் மரமரப்பில் அது வீங்கிய கன்னத்தில் வழிவது அவருக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. ஏதோ சொல்ல வந்தார், பஞ்சு விடவில்லை.

வண்டு ஸ்டூலிலிருந்து இறங்கி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் கவலை.

"நான் சரியாச் சொன்னேனாப்பா?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

வண்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"சரிதானாம்," என்றாள்.